ஐம்பதில் அ, இ, உ, எ, ஒ

ஜெர்மன் மொழியில் ஸ்பூன் ஆண். முள்கரண்டி பெண். கத்தி இரண்டுமில்லை. மூன்றும் ஒரே டிராயரில்தான் கிடக்கின்றன, ஒரே தட்டைச் சுற்றித்தான் உட்காருகின்றன; ஆனாலும் 'டெர்', 'டீ', 'டாஸ்' என்று ஆளுக்கொரு பட்டம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, மனப்பாடம் பண்ண வேண்டியதுதான். தமிழில் இவை மூன்றையும் அஃறிணை என்று ஒரே கூடையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்போம். மூன்று மாதம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, என் 49-வது வயதில் அந்த ஜெர்மன் புத்தகத்தைப் பரணில் ஏற்றினேன்.

ஜெர்மன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது அழகான மொழி, அதைக் காதலிக்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும். கோபம் என்மேல்தான். ஏன் ஜெர்மன் எடுத்தேன்? "ஐரோப்பா போனா உதவும்." "பையனுக்கு அங்கே வேலை கிடைச்சாலும் கிடைக்கும்." "அதுக்குத்தான் மதிப்பு." சொன்னவர்கள் பத்துப் பேர், தலையாட்டியவள் நான் ஒருத்தி. வரன் பார்க்கிற மாதிரி மொழி பார்த்திருக்கிறேன்! சம்பளம் எவ்வளவு, வெளிநாடு போகுமா, குடும்பம் பெரிசா என்று. வேலைக்காகப் படிக்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு சரி. வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் கால் நூற்றாண்டு உட்கார்ந்துவிட்ட எனக்கு எந்த மொழியும் வேலை வாங்கித் தரப்போவதில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு என்னைப் போர்வையிலிருந்து இழுத்து வெளியே போடுகிற மாதிரி ஒரு மொழி இருந்தால்தான் உண்டு.

அப்படி ஒன்று வந்தது. வந்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரஜினி வழியாக.

1995-ல் நாம் பார்த்த 'முத்து', 1998-ல் டோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கில் வெளியாகிச் சக்கைப்போடு போட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதற்கு ஜப்பானியர்கள் வைத்த தலைப்பு 'முத்து: ஒதொரு மஹாராஜா'. ஒரு நாள் சும்மா இருக்காமல் அந்த 'ஒதொரு' என்றால் என்ன என்று தேடினேன். 'ஆடு' என்ற வினைச்சொல். அதை அப்படியே தூக்கி மகாராஜாவுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். ஆடும் மகாராஜா. நடுவில் ஒட்டு இல்லை, தையல் இல்லை, 'யார் ஆடுகிறாரோ அவர்' என்ற சுற்றுவழி இல்லை. பெயரெச்சம்! எட்டாம் வகுப்புத் தமிழம்மா பிரம்பு வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த அதே பெயரெச்சம், ஷிபுயாவில் ஒரு சினிமா போஸ்டரில்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "உலகத்துலயே கஷ்டமான மொழியாமே அது?" என்றார். உண்மைதான், அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அமெரிக்கத் தூதர்களுக்கு மொழி கற்றுத்தரும் அரசுக் கழகம் போட்ட பட்டியல். அதில் ஜப்பானியம் கடைசி வரிசை: ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டுமாம். பயந்துகொண்டே அந்தப் பட்டியலை மேலும் கீழும் பார்த்தால், நம் தமிழும் இருக்கிறது. கடினமான மொழி, 1,100 மணி நேரம் என்று! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தை இட்லிக்குச் சர்க்கரை கேட்டு அழுகிற மொழி அவர்களுக்குக் கடினம். ஏனென்றால் அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு. அவர்கள் வீட்டு வாசலிலிருந்து அளந்தால் ஜப்பான் தூரம். நம் வாசலிலிருந்து?

நான் அளந்து பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி வகுப்பு. சனி, ஞாயிறு காலை. முதல் நாள் போனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற பையன்கள், அனிமே பார்த்துப் பைத்தியமான கல்லூரிப் பெண்கள், நடுவில் நான். "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் வெளியில வெயிட் பண்ணலாம்" என்றாள் ஒருத்தி. "நான்தாம்மா படிக்க வந்திருக்கேன்" என்றேன். கண்ணை விரித்தாள். அந்தக் கண் விரிப்புக்காகவே மாதக் கட்டணம் கொடுக்கலாம்.

சென்சேய் (ஆசிரியருக்கு அதுதான் மரியாதைச் சொல்) பலகையில் ஹிரகானா எழுத்துகளைப் போட்டார். மொத்தம் 46. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைக் கரைத்துக் குடித்தவளுக்கு நாற்பத்தாறு எம்மாத்திரம்! அடுத்து அவர் உயிரெழுத்துகளைச் சொல்லச் சொன்னார்: அ, இ, உ, எ, ஒ. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே வரிசை. சரி, தற்செயல் என்று நினைத்தால் அடுத்து மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த 'ஹ' வரிசை பழங்காலத்தில் 'ப' ஒலியாக இருந்ததாம். அதைப் போட்டுப் படியுங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஒன்றாம் வகுப்பில் பாய் போட்டு உட்கார்ந்து கத்திய வரிசை!

இது தற்செயல் இல்லை. பௌத்தத்தோடு சீனா வழியாகச் சித்தம் என்ற இந்திய எழுத்துமுறை ஜப்பானுக்குப் போனது. அங்கே துறவிகள் அதைக் கற்றார்கள். நாக்கு எங்கே தொடுகிறது என்பதை வைத்து ஒலிகளை அடுக்கும் நம் ஊர் முறை அப்படியே அவர்களுடைய எழுத்து வரிசையிலும் உட்கார்ந்துவிட்டது. இன்றும் ஜப்பானிய அகராதியைப் புரட்டினால் சொற்கள் அந்த வரிசையில்தான். இன்னொரு சங்கதி கேளுங்கள். இந்த ஹிரகானாவைப் பழங்காலத்தில் 'பெண் கை' என்றார்கள். ஆண்கள் சீன எழுத்தில் அலட்டிக்கொண்டிருந்தபோது, அரண்மனைப் பெண்கள் இந்த வளைவான எழுத்தில் எழுதித் தள்ளினார்கள். பதினோராம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்ற பெண்மணி 'கெஞ்சியின் கதை'யை எழுதியதும் இதில்தான். முதல் வாரம் முழுக்க நான் ஹிரகானா எழுதும்போதெல்லாம் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததுதான் மிச்சம்.

உச்சரிப்பு வகுப்பில்தான் எனக்குத் தலைக்கனமே வந்தது. 'கிதெ' என்றால் வா. 'கித்தெ' என்றால் தபால்தலை. 'கீதெ' என்றால் கேள். ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிய பாடப்புத்தகம் இதற்கு ஒரு பக்கம் எச்சரிக்கை செய்கிறது: கவனம், நீளத்தைக் கூர்ந்து கேளுங்கள், பயிற்சி செய்யுங்கள் என்று. படம், பட்டம், பாடம் என்று பேசி வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஒரு பயிற்சியா? குறிலும் நெடிலும் நமக்குத் தாய்ப்பால். அவர்கள் ஒலியை அளக்கிற அலகு நம் மாத்திரையேதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஒற்றெழுத்துக்கு நாம் அரை மாத்திரை கொடுப்போம், அவர்கள் தாராளமாக முழுசாக ஒன்று கொடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து இந்த மாத்திரைக் கணக்கு. 1916-லேயே ஜப்பானியக் கவிதையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதிய பாரதிக்கு இது கேட்டிருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

தலைக்கனத்துக்கு மருந்தும் உடனே கிடைத்தது. என் பெயரில் ஒரு லகரமும் ஒரு ழகரமும் உண்டு. ஜப்பானியத்தில் இரண்டுக்கும் இடமில்லை; இரண்டுமே ரகரமாகிவிட்டன. என் பெயரை நானே வாசித்தபோது யாரோ தொண்டையில் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது மாதிரி இருந்தது.

இப்போது அந்த நாள். நான்காவது மாதம், மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை. அதை நினைத்தால் இன்னமும் மயிர்க்கூச்செறிகிறது.

'யொந்தெ' என்ற வடிவத்தைச் சென்சேய் எழுதினார். 'யொமு' என்றால் படிப்பது. யொந்தெ என்றால் படித்து. நம் வினையெச்சம். அதற்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டலாம் என்றார். 'மிரு' என்றால் பார்ப்பது. யொந்தெ மிரு. "இதுக்கு 'படிக்க முயற்சி பண்றது'ன்னு புத்தகத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்கு. ஏன் 'பார்' வந்துச்சுன்னு கேக்காதீங்க, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றார். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குள் ஏதோ ஒன்று தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தது.

"சென்சேய், அது 'படிச்சுப் பார்'!"

வகுப்பு திரும்பிப் பார்த்தது.

சென்சேய் ஒரு கணம் நின்றார். பிறகு மெதுவாக அடுத்ததை எழுதினார். 'ஒக்கு' என்றால் வைப்பது. யொந்தெ ஒக்கு. பின் வரிசையிலிருந்து ஒரகடம் பையன் கத்தினான்: "படிச்சு வை!" அடுத்தது 'ஷிமாவு': எடுத்து வைத்து முடித்துவிடுவது. யொந்தெ ஷிமாவு. நாலைந்து பேர் சேர்ந்து: "படிச்சுடு! படிச்சு விடு!" கடைசியாக 'இரு' எழுதினார். உயிருள்ளவை இருப்பதற்கான வினை. பெயரே 'இரு'. யொந்தெ இரு. படித்துக்கொண்டு இரு! பையன்கள் மேசையைத் தட்டினார்கள். வெளியே மழை, உள்ளே இது. இருபது வருஷமாக ஆங்கிலம் வழியே சொல்லிக்கொடுத்து வந்த சென்சேய், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நான் தமிழச்சிதானே, எனக்கு ஏன் இது தோணலை?" என்று கேட்டார். அதற்கு அப்புறம் அந்த வகுப்பில் இலக்கணத்துக்கு ஆங்கிலம் நுழையவில்லை.

அன்று இரவு ஆங்கிலக் குறிப்புகள் எழுதிய நோட்டை மூடிவிட்டுப் புது நோட்டு போட்டேன். இடப்பக்கம் ஜப்பானியம், வலப்பக்கம் தமிழ். அந்த நோட்டு நிரம்ப நிரம்ப நான் வானத்தில் பறந்தேன். 'மொ' என்றால் நம் 'உம்'. வதஷி மொ: நானும். 'தரெ' என்றால் யார். தரெ மொ: யாரும். 'கா' போட்டால்? தரெ கா: யாரோ. உம்முக்கு மொ, ஓவுக்கு கா, வாய்ப்பாடு மாதிரி வந்து விழுகிறது. 'அப்படி' என்பதற்கு ஸோ, கேள்விக்கு வாக்கியக் கடைசியில் கா: 'ஸோ தெஸ் கா?' அப்படியா? நம் வீட்டுப் பெரியம்மாக்கள் தொலைபேசியில் நிமிஷத்துக்கு இரண்டு தரம் சொல்கிற அதே அப்படியா, அதே 'ம்' கொட்டல் சகிதம். 'ஸரு மொ கி கரா ஒசிரு' என்று ஒரு பழமொழி. குரங்கும் மரத்திலிருந்து விழும். ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட இடம் மாறவில்லை. நம் ஊரில் ஆனைக்கும் அடி சறுக்கும்; அவர்கள் ஊரில் குரங்குக்கும். அந்த 'உம்'மில்தான் பழமொழியின் உயிரே இருக்கிறது, இரண்டு ஊரிலும்.

ஓர் இடத்தில் மட்டும் என் தமிழ் போதவில்லை. 'கொரெ' என்றால் இது, 'அரெ' என்றால் அது, நடுவில் 'ஸொரெ' என்று ஒன்று: கேட்பவர் கையருகே இருப்பது. இதுவுமில்லாமல் அதுவுமில்லாமல் அதென்ன நடுவாந்தரம் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அன்று மாலை பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். என் கையிலிருந்த பாத்திரத்தைக் காட்டி, "உதை மேசையில வையுங்கோ" என்றார். உதை! நான் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். இது, உது, அது. தொல்காப்பியம் சொல்கிற மூன்று சுட்டு. நாங்கள் தொலைத்துவிட்ட நடு எழுத்தை யாழ்ப்பாணம் பத்திரமாக வைத்திருக்கிறது. "அக்கா, உந்த உதுதான் ஜப்பானிய ஸொரெ" என்று நான் குதிக்க, அவர் "உமக்கென்ன பிடிச்சது?" என்று பயந்துபோனார். காலையில் அவர் வீட்டில் சாப்பிடும் பாணுக்கு ஜப்பானிலும் 'பன்'தான். இரண்டு இடத்திலும் இறங்கிய போர்ச்சுக்கீசியர் விட்டுவிட்டுப் போன ரொட்டி. நம் பொத்தானும் அங்கே 'பொத்தன்'. சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

இரட்டைக்கிளவியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பளபள, சலசல, மொறுமொறு, படபட என்று பேசுகிறோமே, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அழுகை வரும். ஜப்பானியத்தில் இவை நூற்றுக்கணக்கில்! நட்சத்திரம் 'கிரகிர' என்று மின்னும். நெஞ்சு 'தொகிதொகி' என்று அடித்துக்கொள்ளும். மழை 'ஜா ஜா' என்று கொட்டும். பஜ்ஜி மாதிரி அவர்கள் பொரிக்கும் டெம்புரா 'ஸக்குஸக்கு'. வெண்டைக்காயின் வழவழப்புக்கு 'நெபநெப'. மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசினால் 'பெரபெர'. மகுடம் வைத்த மாதிரி இன்னொன்று. இந்தச் சொற்களுக்குப் பின்னால் அவர்கள் 'தொ' போடுகிறார்கள். அந்தத் 'தொ'தான் 'அவர் வருகிறேன் என்று சொன்னார்' என்பதில் வரும் 'என்று'. பளபள என்று, சலசல என்று... நாமும் அதைத்தானே செய்கிறோம்? ஒலியைக்கூட யாரோ பேசியதுபோல மேற்கோள் காட்டுகிற பழக்கம்!

உறவுமுறையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் 'பிரதர்' என்றால் அண்ணனா தம்பியா என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். ஜப்பானியத்தில் அனி அண்ணன், ஒதோதொ தம்பி, அனெ அக்கா, இமோதொ தங்கை. முன்பின் தெரியாதவரையும் உறவு வைத்துக் கூப்பிடுவார்கள். அத்தை வயதுப் பெண்ணுக்கு 'ஒபசன்'. அதில் பகரத்தைக் கொஞ்சம் இழுத்து 'ஒபாசன்' என்றால் பாட்டி! எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் ஆன்ட்டி இல்லை. 'ஒனேசன்'. அக்கா. அந்தப் பதவி உயர்வு வங்கியில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

உடனே கைபேசியில் 'தமிழிலிருந்துதான் ஜப்பானியம் பிறந்தது' என்று தட்டிவிடப் புறப்பட்டுவிடாதீர்கள். நானும் அந்த மயக்கத்தில் இரண்டு வாரம் இருந்தேன். சுசுமு ஓனோ என்ற பெரிய ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் இந்த உறவை நிறுவப் பாடுபட்டார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் தம்பதி அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் கொரிய மொழியிலும் உண்டு, துருக்கியத்திலும் மங்கோலியத்திலும் உண்டு. இரத்த சொந்தம் நிரூபணமாகவில்லை, சரி. எதிர்வீட்டுக்காரர் நம் வீட்டு வரைபடத்திலேயே வீடு கட்டியிருந்தால், இருட்டில்கூட அடுப்படிக்குப் போய்விடலாமே! எனக்கு அது போதும்.

எல்லாம் வெல்லப்பாகு என்று சொன்னால் பொய். காஞ்சி எனப்படும் அந்தச் சீன எழுத்துகள் இருக்கின்றன. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலிலேயே 2,136. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாசிப்பு. முதல் பத்து நாள் அழுதேன். பதினோராம் நாள் ஒன்றைக் கண்டுகொண்டேன்: 'மரம்' என்ற எழுத்தை இரண்டாக நிறுத்தினால் தோப்பு, மூன்றாக நிறுத்தினால் காடு. மனிதனைக் கொண்டுபோய் மரத்தடியில் சாய்த்தால் ஓய்வு. சூரியனையும் சந்திரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளிச்சம். பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்து வைத்தால் பிரியம். மார்கழி மாதம் புள்ளி வைத்துக் கோலம் போட்ட கை இது, கோடுகளின் வரிசை அதற்குத் தானாக வந்தது. எண்ணிக்கைச் சொற்கள் இன்னொரு தலைவலி: பென்சிலுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று. பென்சில் ஒன்று 'இப்பொன்', இரண்டு 'நிஹொன்', மூன்று 'ஸம்பொன்'. நிஹொன் என்றால் ஜப்பான் என்றும் பொருள். நாட்டைப் பற்றிப் பேசுகிறார்களா, இரண்டு பென்சில் கேட்கிறார்களா என்று இன்னமும் சில நேரம் முழிப்பேன்.

ஐம்பது வயதில் ஞாபகம் நிற்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிற்காது. பக்கத்து இருக்கைப் பிள்ளை ஒரு தரம் பார்த்தால் பிடித்துக்கொள்கிற சொல்லை நான் பன்னிரண்டு தரம் பார்க்கிறேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் இல்லாத ஐம்பது வருஷத் தமிழ் என்னிடம் இருக்கிறது. என் வழி சாதாரணம்தான். விடிகாலை நாற்பது நிமிஷம், ஒரு நாளும் தவறாமல். உப்பு ஜாடியிலிருந்து பீரோ வரை சீட்டு. தோசை திருப்பும்போது செய்வதையெல்லாம் வாய்விட்டு ஜப்பானியத்தில் சொல்வது. மியாசாகியின் 'தொனரி நொ டோட்டோரோ' படத்தைப் பதினோரு தடவை பார்த்தது; தொனரி நொ என்றால் 'பக்கத்து வீட்டு', பிறகு என்ன, வேற்றுமை உருபும் வந்துவிட்டது. அந்த டிசம்பர் ஞாயிறு, ஐந்து படிகள் கொண்ட ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் முதல் படியான என்5 எழுதச் சென்னையில் ஒரு கல்லூரிக்குப் போனேன். வாசலில் காவலர், "பிள்ளைய உள்ள விட்டுட்டு நீங்க நிழல்ல உக்காருங்கம்மா" என்றார். நுழைவுச்சீட்டை நீட்டினேன். சல்யூட் அடித்தார்.

தேறினேன். அடுத்த நவம்பரில், சேமிப்பை உடைத்து, இவரையும் இழுத்துக்கொண்டு ஜப்பானிலுள்ள நாராவுக்குப் போனேன்.

ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதி. எழுபது வயதைத் தாண்டிய அம்மாள்தான் எல்லாம். வெளியே போகும்போது அறைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் தோதாய்ஜி கோயிலுக்குப் போனோம். 752-ல் அந்தப் பெரிய புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து 736-ல் அங்கே போய்ச் சேர்ந்த துறவி. அண்ணாந்து பார்த்தேன். அந்த மனுஷருக்கு வகுப்பு ஏது, செயலி ஏது? கடல் கடந்து போய், கேட்டுக் கேட்டுத்தானே அவரும் அந்த ஊர் மொழியைப் பிடித்திருப்பார்? எனக்கு முந்திய மாணவர் என்று கும்பிட்டேன். வெளியே வந்தால் மான் ஒன்று என் கையிலிருந்த வரைபடத்தைத் தின்றுவிட்டது.

திரும்பி வந்து, கம்பீரமாக, "ககி ஒ ஒனெகாய்ஷிமாஸ்" என்றேன். சாவி தாருங்கள் என்று. அம்மாள் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போனார். ஐந்து நிமிஷம் ஆளைக் காணோம். பிறகு தட்டில் தோல் சீவி, துண்டு போட்டு, பல்குத்தும் குச்சி செருகி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் வந்தது. சாவி என்ற சொல்லில் 'சங்கு'வில் வருகிற மெலிந்த ககரம். நான் 'பக்கம்' என்பதில் வருகிற வலிந்த ககரத்தைப் போட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் சீமைப் பனிச்சைப் பழம். என் அருமைத் தமிழ் நோட்டில் இரண்டுமே 'ககி'! நம் எழுத்து காட்டாத வித்தியாசத்தை அவர்கள் இரண்டு புள்ளி வைத்துக் காட்டுகிறார்கள். நவம்பர் நாராவில் அந்தப் பழத்துக்குத்தான் காலம். தேனாக இருந்தது. நான் விளக்கிச் சொன்னதும் அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாளிலிருந்து நாங்கள் வரும்போதெல்லாம் ஒரு கையில் சாவி, ஒரு கையில் பழம்.

அந்த வீட்டில் தினமும் காலையில் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வாசல் தாண்டும்போது நாங்கள் 'இத்தெகிமாஸ்' என்போம். இத்தெ என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போய் வருகிறேன். அவர் 'இத்தெராஷாய்' என்பார். போய் வாருங்கள். சின்ன வயதில் வாய் தவறி "போறேம்மா" என்றால் என் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று சொல்லவைத்த பிறகுதான் பள்ளிக்கு விடுவாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது. ஐந்து நாள் அந்த ஊரில் ஒரு கிழவி என்னைப் போய் வரச் சொல்லி அனுப்பினாள்.

ஆறாம் நாள் பெட்டியோடு நின்றோம். ஊருக்குப் போகிறோம், இனி என்ன சொல்வது? புத்தகத்தில் இதற்கான வாக்கியம் இருந்தது, நீளமாக, மரியாதையாக. முந்தின இரவு மனப்பாடம் செய்தும் வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அம்மாள் ஒரு காகிதப் பையை என் கையில் திணித்தார். உள்ளே நான்கு பழங்கள். தலை குனிந்து, தினமும் போலவே, "இத்தெராஷாய்" என்றார்.

மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று. "இத்தெகிமாஸ்" என்றேன். பக்கத்தில் இவர், ஒரு சொல் ஜப்பானியம் படிக்காதவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "போயிட்டு வரோம்மா" என்றார்.

அந்த அம்மாள் அவருக்கும் தலையாட்டினார்.